ஹேர்கட்டா, மொட்டையா? திவால் சட்டத்தைக் கார்ட்டூன் வழியே கற்பித்தல்

2021 ஜூன் மாதம் வீடியோகான் குழுமத்தின் 13 நிறுவனங்களுக்கான மீட்புத் திட்டத்துக்கு மும்பையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது. கடன் கொடுத்தவர்கள் கோரிய மொத்தத் தொகை ஏறக்குறைய 71,434 கோடி ரூபாய். வாங்க வந்தவர் தருவதாகச் சொன்னது 2,962 கோடி. கணக்குப் போட்டால் நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய் பதினைந்து காசு. சரக்கும் சேவையும் கடனாகக் கொடுத்தவர்களுக்கு நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. கடன் கொடுத்தவர் விட்டுக்கொடுக்கும் தொகையை வங்கி வட்டாரத்தில் ‘ஹேர்கட்’ என்பார்கள். அந்த உத்தரவிலேயே தீர்ப்பாயம், இது ஹேர்கட்டா, மொட்டையா, முழுச் சவரமா என்ற பொருளில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியது. அந்த ஒப்புதலை 2022 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்துவிட்டது. ஆனால் மொட்டை மக்கள் மனதில் நின்றுவிட்டது.

காரணம் எளிது. 95.85 சதவீதம் என்ற எண் காதில் விழுந்து போய்விடும். வழித்த தலை கண்ணில் நிற்கும். தீர்ப்பாயம் அந்த இடத்தில் கோடு இழுக்காமலே ஒரு கார்ட்டூன் போட்டது. அதைப் பார்த்துச் சிரித்தவர், கடன் கொடுத்தவர்கள் எவ்வளவு இழந்தார்கள் என்பதையும் அதே நொடியில் புரிந்துகொண்டார்.

திவால் சட்டம் கற்பிப்பவருக்கு இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். கார்ட்டூனின் சிரிப்பு சட்டத்தின் நடைமுறையிலிருந்து பிறக்க வேண்டும். கடனில் விழுந்த மனிதரிடமிருந்து பிறக்கக்கூடாது. இந்த ஒழுங்கைக் காத்தால் படம் பிரிவையும் கற்பிக்கும், கேட்பவரின் மானத்தையும் காக்கும். சட்டக் கல்லூரி ஆசிரியர்கள், வங்கிப் பயிற்சி மையங்களில் வகுப்பெடுப்பவர்கள், சிறுதொழில் சங்கக் கூட்டங்களில் பேசும் வழக்கறிஞர்கள், கணக்காளர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஓவியப் பயிற்சி தேவையில்லை.

1. முதல் முடிவு: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

நம் ஊரில் கடன் மானத்தோடு கட்டப்பட்டது. ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டார்’, ‘ஐ.பி. போட்டுட்டார்’, ‘தலையில் துண்டு போட்டுக்கிட்டார்’ என்று தெரு பேசும்போது அந்த வீட்டுக் குழந்தைகள் பள்ளிக்குப் போகக் கூசுகிறார்கள். உங்கள் வகுப்பில் 40 பேர் உட்கார்ந்திருந்தால், அப்பாவின் கடை மூடப்பட்டதைப் பார்த்த ஒருவராவது அவர்களில் இருப்பார் என்று எண்ணிக்கொண்டே படம் போடுங்கள்.

இதற்கு முன்னோடி வில்லியம் ஹோகார்த். 18-ஆம் நூற்றாண்டு லண்டன் ஓவியர். அவர் சிறுவனாக இருந்தபோது, ஆசிரியராக இருந்த அவருடைய தந்தை கடன் கட்ட முடியாமல் ஃப்ளீட் சிறையில் அடைபட்டார். 1735-இல் ஹோகார்த் வெளியிட்ட ‘ஊதாரியின் பாதை’ என்ற எட்டுப் படத் தொடரின் ஏழாம் படம் அந்தச் சிறைக்குள்ளேயே நடக்கிறது. சொத்தைத் தொலைத்த நாயகன் நொறுங்கி உட்கார்ந்திருக்கிறான். சிறைக்காவலர் தனக்கு வரவேண்டிய கட்டணத்தைக் கேட்டு நிற்கிறார். பீர் கொண்டுவந்த பையன் காசுக்குக் கை நீட்டுகிறான். கடன் கட்ட முடியாததால் உள்ளே வந்தவனிடம் உள்ளேயும் காசு கேட்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு கைதியின் கையிலிருந்து ஒரு தாள் நழுவுகிறது. அது தேசத்தின் கடனை அடைக்க அவர் தீட்டிய திட்டம்.

இந்தப் படத்தில் சிரிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். கடனாளியைச் சிறைவைத்து அவனிடமே கட்டணம் வாங்கும் ஏற்பாட்டின் மேல் விழுகிறது. தன் கடனை அடைக்க வழியில்லாதவர் நாட்டின் கடனுக்கு வழி சொல்லும் தாளில் சிரிப்பும் இரக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. நாயகனின் ஊதாரித்தனத்தை ஹோகார்த் மன்னிக்கவில்லை. அவனுடைய வீழ்ச்சியைக் கேலியும் செய்யவில்லை.

நீங்கள் போடும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சோதனை வையுங்கள். படத்தில் இருப்பவர்களில் கையில் அதிகாரம் மிகக் குறைவாக இருப்பவர் யார்? சிரிப்பு அவர் மேல் விழுகிறதா? விழுந்தால் படத்தைத் திருப்பிப் போடுங்கள். ‘தலையில் துண்டு’ நல்ல காட்சிதான். அதைக் கடை நொடித்த வியாபாரியின் தலையில் போடாமல், மொத்தமாக விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வரும் வங்கி அதிகாரிகளின் தலைகளில் வரிசையாகப் போடுங்கள். துண்டு அதேதான், படம் சொல்லும் நியாயம் மாறிவிடும்.

2. சட்டத்துக்குள் படம் எங்கே இருக்கிறது?

2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத் தொகுப்பைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் திவாலுக்கு இன்னும் நடைமுறையிலிருக்கும் பழைய சட்டங்களையும் பக்கத்தில் வையுங்கள். சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். 2016 சட்டத்தின் தனிநபர் பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. இந்த மூன்றிலும் நான்கு இடங்களில் படம் கிடைக்கும்.

(அ) தடையில். 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவு மொரட்டோரியம் பற்றியது. தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும் நிறுவனத்தின் மேல் வழக்கு, ஜப்தி, பிணையத்தைக் கைப்பற்றுதல் எல்லாம் நிற்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் ‘ஸ்டாச்சு’ இங்கே அப்படியே பொருந்தும். தொழிற்சாலை வாசலில் ஒரு கை ‘ஸ்டாச்சு!’ என்று உத்தரவை நீட்டுகிறது. பூட்டில் அரக்கு வைக்க வந்த வங்கி அதிகாரி, இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர், சம்மனோடு வந்த ஊழியர், எல்லோரும் ஒற்றைக்காலில் உறைந்து நிற்கிறார்கள். சுவரில் மின்சார மீட்டர் மட்டும் சுற்றுகிறது. கீழே வரி: ‘மீட்டருக்கு ஸ்டாச்சு கிடையாது.’ அத்தியாவசியச் சேவைகளை அந்தக் காலத்தில் நிறுத்தக்கூடாது; அந்தக் காலத்துக்கான கட்டணம் நடவடிக்கைச் செலவில் சேர்ந்து முன்னுரிமை பெறும் என்ற விதி அந்த மீட்டரில் இருக்கிறது.

(ஆ) எண்ணில். நிறுவனத்தின் மேல் மனுப் போடக் குறைந்தபட்ச நிலுவை முதலில் 1 லட்சம் ரூபாயாக இருந்தது. 2020 மார்ச் 24-இல் அதை 1 கோடியாக உயர்த்தினார்கள். கரோனா முடக்கத்தில் சிறு நிறுவனங்கள் தீர்ப்பாயத்துக்கு இழுக்கப்படக்கூடாது என்பது நோக்கம். ஆனால் அதே உயர்வு, பெரிய நிறுவனத்திடம் பணம் மாட்டிக்கொண்ட சிறு சப்ளையருக்கும் கதவைச் சாத்தியது. திருப்பூர் நூல் வியாபாரி ஒருவர் 99 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய் பில்லோடு வக்கீல் முன் உட்கார்ந்திருக்கிறார். வக்கீல்: ‘ஒண்ணு பண்ணுங்கண்ணே. இன்னும் ஒரு ஆயிரம் ரூபாய்க்கு அவங்களுக்கே கடனாச் சரக்கு குடுத்துட்டு வாங்க.’ இந்த ஒரு வரி, வரம்பு எங்கே கடிக்கிறது என்பதைக் காட்டிவிடும்.

இதற்கு எதிரே 1920 சட்டத்தை வைத்துப் பாருங்கள். கடனாளி தானே திவால் மனுக் கொடுக்க 500 ரூபாய்க் கடன் போதும் என்று அது எழுதியது. ஒரே கட்டடத்தில் இரண்டு கதவுகள். ஒன்றின் கைப்பிடி ஆள் எட்டாத உயரத்தில், இன்னொன்று முட்டி உயரத்தில். வசனமே வேண்டாம். பழைய ஆனந்த விகடனில் கோபுலு போட்ட வசனமில்லாச் சித்திரங்களைத் தேடிப் பாருங்கள். எவ்வளவு சொல்லலாம், எதைச் சொல்லாமல் விடலாம் என்பதற்கு அவை நல்ல பாடம்.

(இ) சட்டம் கற்பனை செய்துகொண்ட மனிதரில். 1920 சட்டத்தின் 6-ஆம் பிரிவு ‘திவால் செயல்கள்’ என்று ஒரு பட்டியல் தருகிறது. கடன் கொடுத்தவர்களை ஏய்க்கும் அல்லது இழுத்தடிக்கும் நோக்கத்தோடு ஒருவர் வீட்டை விட்டோ கடையை விட்டோ போவதும், யாரும் தொடர்புகொள்ள முடியாதபடி ஒளிந்துகொள்வதும் அதில் அடக்கம். ‘அப்பா வீட்ல இல்லைன்னு அப்பா சொல்லச் சொன்னாரு’ என்று குழந்தை சொல்லும் பழைய துணுக்கு உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். அதை அப்படியே போட்டால் சிரிப்பு ஒளிந்திருக்கும் அப்பா மேல் விழும். வாசலில் நிற்பவரை வக்கீல் குமாஸ்தாவாக மாற்றுங்கள். அவர் நோட்டைத் திறந்து, ‘தம்பி, அதையே கொஞ்சம் மெதுவாச் சொல்லு, எழுதிக்கிறேன்’ என்கிறார். இப்போது சிரிப்பு, குழந்தையின் வாக்கைச் சாட்சியமாக்கும் விறைப்பின் மேல் விழுகிறது. நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்ற முக்கியமான சட்டக் கேள்வியும் அதிலிருந்தே எழும்.

(ஈ) இரண்டு விதிகள் மோதும் இடத்தில். நிறுவனத்தின் மீட்புத் திட்டம் நிறைவேறினால், திட்டத்தில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள் அத்தோடு தீர்ந்தன என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் சொன்னது. அடுத்த மாதமே லலித் குமார் ஜெயின் வழக்கில், திட்டம் நிறைவேறியதாலேயே ஜாமீன் போட்டவர் விடுபட்டுவிட மாட்டார் என்றும் சொன்னது. இரண்டையும் ஒரே சட்டகத்தில் வையுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிறுவனம் வெளியே வருகிறது. குளியலறை வாசலில் அதன் அழுக்குத் துணி மூட்டையைச் சுமந்தபடி ஜாமீன்தாரர் நிற்கிறார். நிறுவனம் கேட்கிறது: ‘உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?’ யாரும் படிக்காமல் கையெழுத்திடும் ஜாமீன் பத்திரத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை. வங்கிக் கிளையின் சுவரில் மாட்டத் தகுந்த படம் இது.

3. ஒரு படத்தை முழுமையாகக் கட்டுவது: எட்டுப் பந்தி

கலைப்புக்குப் போன நிறுவனத்தின் சொத்தை விற்ற பணம் யாருக்கு, எந்த வரிசையில்? 53-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வகுப்பில் மிகவும் சோர்வு தரும் பிரிவும் இதுவே. ஐந்து படிகளில் இதைப் படமாக்குவோம்.

படி 1: பிரிவை உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

1. தீர்வு நடவடிக்கைச் செலவும் கலைப்புச் செலவும், முழுமையாக.
2. தொழிலாளர்களின் கடைசி 24 மாத நிலுவை. அதற்குச் சரிசமமாக, பிணையத்தை விட்டுக்கொடுத்துப் பொதுவில் சேர்ந்த கடன் கொடுத்தோர்.
3. தொழிலாளர் அல்லாத மற்ற ஊழியர்களின் 12 மாத நிலுவை.
4. பிணையம் இல்லாமல் நிதிக் கடன் கொடுத்தவர்கள்.
5. அரசுக்குச் சேரவேண்டிய இரண்டு ஆண்டு நிலுவை. பிணையத்தைத் தாமே விற்று எடுத்துக்கொண்டும் போதாமல் மீதிக்கு வந்தவர்கள்.
6. மற்ற எல்லாக் கடன்களும். சரக்கு சப்ளை செய்தவர் பெரும்பாலும் இங்கேதான் இருப்பார்.
7. முன்னுரிமைப் பங்குதாரர்கள்.
8. சாதாரணப் பங்குதாரர்கள்.

படி 2: இந்த வரிசை ஏற்கெனவே வாழும் இடத்தைத் தேடுங்கள். முறை வைத்துத் தருவது, முந்தியவர் முடித்தால்தான் பிந்தியவருக்கு என்பது, கடைசியில் தீர்ந்துபோவது ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கும் இடம் கல்யாணப் பந்தி. வீட்டுக்காரர் கடைசியில் சாப்பிடுவார் என்ற நம் வழக்கமும் பங்குதாரருக்கு எட்டாம் இடம் என்ற விதியும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

படி 3: பாத்திரங்களை நிரப்புங்கள். முதல் பந்தியில் சமையல்காரர், பந்தல்காரர், மண்டப மேலாளர். இவர்கள்தான் நடவடிக்கைச் செலவு. இரண்டாவதில் பனியன் போட்ட தொழிலாளியும் டை கட்டிய வங்கி மேலாளரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே வரிசையில். தொழிலாளியின் பக்கத்தில் மூடி திறக்காத ஒரு தூக்குச்சட்டி. அது வருங்கால வைப்பு நிதியும் கிராஜுவிட்டியும். அந்தப் பணம் பொதுச் சமையலில் சேராது என்பதை 36-ஆம் பிரிவு சொல்கிறது. ஐந்தாவது பந்திக்கு ஜீப்பில் அரசாங்கம் வந்து இறங்குகிறது. ஆறாவது பந்திக்குக் காத்திருப்பவர், அன்றைய அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்த மளிகைக்காரர். கடைசியாக வாசலில், பட்டு வேட்டியில், அழைப்பிதழில் பெயர் போட்ட வீட்டுக்காரர்.

படி 4: வசனம். எல்லோரும் பேசக்கூடாது, ஒருவர் பேசினால் போதும். மிகவும் வலிக்கும் இடம் மளிகைக்காரர்.

மளிகைக்காரர்: ‘அரிசியே நான் குடுத்ததுங்க!’
பரிமாறுபவர்: ‘தெரியும்ணே. ஆறாவது பந்தி.’

‘தெரியும்ணே’ என்ற சொல்லில்தான் படம் நிற்கிறது. பரிமாறுபவர் கொடுமைக்காரர் அல்ல. அவர் கையில் இருப்பது வரிசை மட்டுமே. இந்த வரிசை நியாயமா என்று மாணவர்கள் கேட்கத் தொடங்குவார்கள். வங்கிகளுக்கு முதலிடம் தந்தால் கடன் மலிவாகக் கிடைக்கும் என்ற வாதமும், சிறு சப்ளையரே அதில் நசுங்குகிறார் என்ற வாதமும் அவர்கள் வாயிலிருந்தே வரும்.

படி 5: பிரிவோடு ஒத்துப் பாருங்கள். ஒரு பந்திக்குள் சோறு போதாவிட்டால் முந்தி உட்கார்ந்தவருக்கு முழு இலை என்று வரையக்கூடாது. அந்த வரிசையில் உள்ள எல்லோருக்கும் விகிதப்படி குறைத்துத்தான் பரிமாற வேண்டும். ஆகவே பாதி நிரம்பிய இலைகளை வரிசையாகப் போடுங்கள்.

4. சட்டம் பிசகினால் சிரிப்பும் பிசகும்

கார்ட்டூனில் மிகைப்படுத்தலாம், பிழை செய்யக்கூடாது. மூக்கு எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம், விதி மட்டும் உள்ளபடி இருக்க வேண்டும். மாணவர் தேர்வறையில் உங்கள் படத்தைத்தான் நினைவுகூர்வார். பிழையான படம் சரியான பாடத்தையும் மறக்கடித்துவிடும். சறுக்க வாய்ப்புள்ள இரண்டு இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது 29ஏ பிரிவு. நிறுவனத்தைக் கடனில் மூழ்கடித்த உரிமையாளரே மலிவு விலையில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதைத் தடுக்க 2017 நவம்பரில் இது வந்தது. ஒட்டுமீசையோடு ஏலக்கூடத்துக்குள் நுழையப் பார்க்கும் முதலாளி, மீசையைப் பிடித்து இழுக்கும் காவலாளி என்று எல்லோருக்கும் உடனே ஒரு படம் தோன்றும். நல்ல படம்தான். ஆனால் பின்னணியில் நீங்கள் கோயம்புத்தூர் லேத் பட்டறை ஒன்றை வரைந்திருந்தால் சிக்கல். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் உரிமையாளருக்கு 240ஏ பிரிவு சில தடைகளிலிருந்து விலக்குத் தருகிறது. கடன் வாராக்கடன் ஆனது என்பதற்காக மட்டும் அவரை வெளியே நிறுத்த முடியாது. சின்னப் பட்டறையை வேறு யாரும் வாங்க வரமாட்டார்கள் என்பதே அந்த விலக்கின் காரணம். ஆகவே ஒட்டுமீசைப் படத்துக்குப் பின்னால் பெரிய உருக்காலையை வரையுங்கள். பட்டறைக்குத் தனியாக இன்னொரு படம்: ஏலக்கூடம் காலி, நாற்காலிகள் காலி, மீசையே இல்லாமல் உரிமையாளர் மட்டும் முதல் வரிசையில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் விதியும் விலக்கும் ஒன்றாகப் பதியும்.

இரண்டாவது, கடனுக்காகச் சிறை. இது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் திவால் மனுக்களுக்கு நெருங்கிய உறவு. தீர்ப்புப் பணம் கட்டாதவரைச் சிவில் சிறையில் வைக்கக் கோரும் கடன் கொடுத்தவர், உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுச் செலவுக்கு முன்கூட்டியே நீதிமன்றத்தில் பணம் கட்ட வேண்டும். வரவேண்டிய பணத்துக்காக மேலும் பணம் கட்டுவதைவிட நல்ல கார்ட்டூன் பொருள் உண்டா? டிபன் கேரியரோடு சிறை வாசலில் நிற்கும் வட்டிக்காரரை வரையத் தோன்றும். விதிப்படி அவர் கட்டுவது பணம், கேரியர் தூக்குவதில்லை. ஆகவே நீதிமன்றக் கட்டண ஜன்னலில் நிற்க வையுங்கள். ஜன்னலுக்குள்ளிருந்து ஊழியர் கேட்கட்டும்: ‘மூணு வேளையா, ரெண்டு வேளையா?’ படத்தைக் காட்டியதும், கட்ட வழியில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் தள்ளக்கூடாது, கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள். பயந்து கிடக்கும் குடும்பங்களுக்கு அந்தத் தகவல் மிகவும் தேவை.

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பிரிவு எண்ணையும் தேதியையும் எழுதும் பழக்கம் வேண்டும். இந்தச் சட்டம் அடிக்கடி திருத்தப்படுகிறது. கடன் கொடுத்தோர் குழுவில் மீட்புத் திட்டத்துக்கு வேண்டிய ஆதரவு 75 சதவீதமாக இருந்து 2018-இல் 66 ஆனது. வீடு வாங்க முன்பணம் கட்டியவர்கள் அதே ஆண்டில் நிதிக் கடன் கொடுத்தவர்களாக ஏற்கப்பட்டார்கள். பிறகு மனுப் போட 100 பேரோ, அந்த வீட்டுத் திட்டத்தில் வாங்கியவர்களில் 10 சதவீதமோ சேர வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. தேதியில்லாத படம் சில ஆண்டுகளில் தவறான பாடமாகிவிடும்.

5. வரையத் தெரியாதவருக்கு

வட்டத் தலை, கோட்டுக் கை, கால் போதும். ஆளை அடையாளம் காட்ட ஒரு பொருள் கொடுங்கள்: வங்கிக்குச் சாவிக்கொத்து, தீர்வு நடவடிக்கையை நடத்தும் தீர்வாளருக்குக் கோப்புக் கட்டு, சப்ளையருக்குச் சாக்கு, ஜாமீன்தாரருக்கு மையொட்டிய கட்டைவிரல். ஒரு பருவம் முழுவதும் அதே அடையாளங்களை மாற்றாமல் பயன்படுத்துங்கள். மூன்றாவது வகுப்பிலேயே, சாக்கைப் பார்த்ததும் ‘ஆறாவது பந்தி!’ என்று குரல் வரும்.

எல்லாப் படங்களிலும் பேசாமல் நிற்கும் ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். ஆர்.கே. லட்சுமணின் சாமானியன் பல பத்தாண்டுகள் வாய் திறக்காமல் நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நகலெடுக்காதீர்கள், அவர் செய்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வராத ஒரு தொழிலாளி, ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தன் தூக்குச்சட்டியோடு நிற்கட்டும். தீர்வு நடவடிக்கைக்கு 180 நாள், கூடுதல் 90 நாள், வழக்கு உட்பட 330 நாள் என்று வரம்புகள் ஓட, பல வழக்குகள் அதையும் தாண்டிப் போகும்போது அவருடைய தாடி மட்டும் நீளட்டும். கால தாமதத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்பது பேசாமலே தெரியும்.

6. வகுப்பில் நடத்தும் முறை (45 நிமிடம்)

- முதல் 5 நிமிடம்: வசனத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டுங்கள். பிரிவு எண் சொல்லாதீர்கள்.
- அடுத்த 10: ‘இங்கே யாருக்கு என்ன அநியாயம் நடக்கிறது?’ என்று கேட்டு, வரும் பதில்களைப் பலகையில் எழுதுங்கள். வசனத்தை அவர்களே ஊகிக்கட்டும். உங்களுடையதைவிட நல்ல வசனம் வரும். தயங்காமல் அதை வைத்துக்கொள்ளுங்கள்.
- அடுத்த 15: சட்டப் பிரிவை வாய்விட்டுப் படித்து, படத்தில் எது சரி, எது மிகை என்று பிரியுங்கள்.
- அடுத்த 10: விதி ஏன் இப்படி இருக்கிறது என்று இரு தரப்பாக வாதிடச் சொல்லுங்கள். அநியாயம் என்று தோன்றியதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். சில நேரம் காரணம் போதாமலும் இருக்கும்.
- கடைசி 5: படத்தை எடுத்துவிட்டு, பிரிவை நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள்.

மிக முக்கியமானது நான்காவது பகுதி. அது இல்லையென்றால், சட்டம் என்றாலே அபத்தம் என்ற எண்ணத்தோடு மாணவர் வெளியே போவார். திவால் சட்டம் ஒரு பெரிய நன்மைக்காக எழுதப்பட்டது. தொழில் தோற்றவர் மறுபடி தொடங்கவும், கடன் கொடுத்தவர் அடித்துப் பிடுங்காமல் வரிசையில் நின்று வாங்கவும் அது வழி செய்கிறது. அந்த நன்மை எங்கே முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்று காட்டுவதே நம் சிரிப்பின் வேலை.

7. தாண்டக்கூடாத எல்லைகள்

நடப்பு வழக்கு. விசாரணையில் இருக்கும் வழக்கின் தரப்பினரையோ நீதிபதியையோ வரைய வேண்டாம். தீர்ப்பை விமர்சிக்கலாம், நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிப்பது அவமதிப்பு ஆகலாம். முடிந்த, வெளியிடப்பட்ட உத்தரவுகளே உங்கள் களம்.

தொழில் ரகசியம். நீங்கள் தீர்வாளராகவோ வங்கி அதிகாரியாகவோ இருந்தால், கடன் கொடுத்தோர் குழுக் கூட்டத்தில் கேட்டது எதுவும் படமாகக்கூடாது. பெயரை மாற்றிவிட்டோம் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். சின்ன ஊரில் மில்லின் புகைபோக்கியை வரைந்தாலே ஆள் தெரிந்துவிடும்.

பிறர் படம். இந்தியாவில் ஓவியரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் வகுப்பறைக் கற்பித்தலுக்குச் சில விலக்குகள் தருகிறது. அச்சிட்டு விற்கும் கையேட்டுக்கு அது பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். ஹோகார்த் படங்களைத் தாராளமாகக் காட்டலாம். அவர் தன் தொடரைத் திருட்டு நகலெடுப்பவர்களிடமிருந்து காக்க, செதுக்கோவியப் பதிப்புரிமைச் சட்டம் 1735 ஜூனில் அமலுக்கு வரும்வரை அதன் வெளியீட்டை நிறுத்திவைத்தவர் என்பதையும் அப்போது சொல்லலாம்.

உயிர். கடன் தொல்லையால் நேர்ந்த தற்கொலை, வசூல்காரர் வீட்டுப் பெண்களை மிரட்டுவது, நகை அடகில் மூழ்கியது ஆகியவற்றில் சிரிப்பைத் தேடாதீர்கள். அவற்றை நேராகச் சொல்லுங்கள். மதரீதியான வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகையையும், சமையல் பாத்திரத்தையும், படுக்கையையும், கைவினைஞரின் கருவிகளையும் ஜப்தி செய்ய முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் படமாகப் போட்டால் நகைச்சுவை இல்லாமல், தெளிவாக, பெரிய எழுத்தில் போடுங்கள். அதை வெட்டி எடுத்து யாராவது வீட்டில் ஒட்டிவைக்க வேண்டியிருக்கும்.

8. பயிற்சிகள்

1. 17-ஆம் பிரிவின்படி, தீர்வு நடவடிக்கை தொடங்கியதும் இயக்குநர் குழுவின் அதிகாரம் இடைக்காலத் தீர்வாளருக்குப் போகிறது. நிர்வாக இயக்குநரின் சுழல் நாற்காலியை மட்டும் வைத்து, வசனமில்லாமல் மூன்று கட்டங்களில் இதைச் சொல்லுங்கள்.

2. சரக்கு சப்ளை செய்தவர், தீர்ப்பாயத்துக்குப் போகுமுன் 8-ஆம் பிரிவுப்படி நோட்டீஸ் அனுப்பி 10 நாள் காத்திருக்க வேண்டும். கடனாளி நிறுவனம் ‘சரக்கில் ஏற்கெனவே தகராறு இருக்கிறது’ என்று காட்டிவிட்டால் மனு நிற்காது. அந்த 10 நாளை ஒரு தினசரி காலண்டரில் வரையுங்கள். சிரிப்பு எந்தத் தேதியில் வருகிறது?

3. 2019 ஜனவரியில் ஸ்விஸ் ரிப்பன்ஸ் வழக்கில் 2016 சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கடன் கட்டாதவர்களின் சொர்க்கம் பறிபோய்விட்டது என்ற பொருளில் எழுதியது. அந்தச் சொர்க்கத்தில் யார் யார் இருந்தார்கள்? வாசலில் காத்திருந்து உள்ளே போக முடியாமல் போனவர் யார்? இரண்டு கூட்டத்தையும் ஒரே படத்தில் வையுங்கள்.

4. எட்டுப் பந்திப் படத்தைப் பரிமாறுபவரின் இடத்திலிருந்து மறுபடி வரையுங்கள். அவர் காலி அண்டாவோடு ஆறாவது பந்திக்கு வரும்போது என்ன சொல்வார்? ஒரே வரி.

5. நீங்கள் போட்டதில் சிறந்த படத்தை, கடையோ தொழிலோ நொடித்துப்போன அனுபவம் உள்ள ஒருவரிடம், அவர் சம்மதத்தோடு, தனிமையில் காட்டுங்கள். படத்தை விளக்காதீர்கள். அவர் சிரித்துவிட்டு, ‘ஆமா, அன்னிக்கு இப்படித்தான் ஆச்சு’ என்று தன் கதையைத் தொடங்கினால், படம் வகுப்புக்குத் தயார். அவர் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினால், அடுத்த வகுப்புக்கு முன் வேறு படம் போடுங்கள்.